அதிகாலை 3 மணிக்கு யார் விழித்திருப்பது?

தாலுகா ஆபீஸுக்கு எதிரே அந்த ஜெராக்ஸ் கடை. காலை பத்தேகால் மணி. எனக்கு முன்னால் ஏழு பேர். ஒருவர் கையில் வில்லங்கச் சான்று ரசீது, இன்னொருவர் கையில் வருமானச் சான்றுக்கான ஆவணங்கள். பள்ளிச் சீருடையில் இருக்கும் மகளின் கையைப் பிடித்தபடி ஓர் அம்மா. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். எல்லார் கண்ணும் ஒரே திரையில். அதில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்டேட் நடக்கிறது, 34 சதவிகிதம் முடிந்தது, கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம்.

இருபது நிமிடமாக அந்த 34 நகரவில்லை.

"ஒயரைப் பிடுங்கிப் போடுங்கக்கா, சரியாயிடும்" என்றார் வரிசையில் நின்ற இளைஞர். "போன தடவை இப்படித்தான் ஒருத்தர் சொன்னாரு. ரெண்டு நாள் கடை ஓடல" என்றார் கடைக்காரப் பெண், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். எனக்குத் தொழில் புத்தி. "முன்னாடியே கேட்டிருக்குமேம்மா?" என்றேன்.

"பத்து நாளா கேட்டுக்கிட்டுதான் சார் இருந்துச்சு. நான்தான் 'லேட்டர்', 'லேட்டர்'னு தள்ளிவிட்டேன். ஆள் நிக்கையில எப்படி சார் விடறது? ராத்திரி பண்ணிக்கும்னு பாத்தா, கடையைச் சாத்தும்போது மெயினையே ஆஃப் பண்ணிட்டுத்தான் போவேன். கரன்ட் பில் யாரு கட்றது? எலி வேற ஒயரைக் கடிக்குது."

அப்டேட் பற்றிக் கட்டுரை எழுதுகிற நாங்கள் எல்லாரும் "உடனே செய்யுங்கள், தள்ளிப்போடாதீர்கள்" என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்தக் கடைக்கார அம்மா செய்த தப்பு தள்ளிப்போட்டது மட்டுமல்ல. பகலில் விட முடியாது, இரவில் மெஷினுக்கு உயிரே இல்லை. அந்தக் கம்ப்யூட்டருக்கு அப்டேட் செய்துகொள்ள நாளில் ஒரு மணி நேரம்கூட யாரும் ஒதுக்கவில்லை. ஒதுக்காத நேரத்தை அது தானாக எடுத்துக்கொண்டது. கடைசி நாளன்று, காலை பத்தேகாலுக்கு.

யாரோ தூங்கும் நேரம்

அப்டேட்டுக்கு என்று ஒரு நேரம் குறித்த கதையை 2003லிருந்து சொல்லலாம். அந்த ஜனவரியில் ஸ்லாம்மர், ஆகஸ்ட்டில் பிளாஸ்டர் என்று இரண்டு புழுக்கள் உலகக் கம்ப்யூட்டர்களை உலுக்கின. இரண்டுக்கும் மைக்ரோசாஃப்ட் முன்கூட்டியே மருந்து வெளியிட்டிருந்தது: ஸ்லாம்மருக்கு ஆறு மாதம் முன்பு, பிளாஸ்டருக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு. மருந்து பாட்டிலில் இருந்தது, யாரும் குடிக்கவில்லை. அந்த அக்டோபரிலிருந்து அந்த நிறுவனம் ஒரு வழக்கம் வைத்தது: மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை, அமெரிக்கப் பசிபிக் நேரம் காலை 10 மணிக்கு, அந்த மாதத்துத் திருத்தங்கள் மொத்தமாக வரும். நம் கடிகாரத்தில் அது இரவு பத்தரை. அங்கே குளிர்காலமென்றால் பதினொன்றரை. அதாவது நம் ஊர் கம்ப்யூட்டர்களுக்கு அது புதன்கிழமைச் சரக்கு.

2004 ஆகஸ்ட்டில் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக் வந்தபோது, "தானாக அப்டேட் ஆகட்டும்" என்பதை ஏற்கச் சொல்லிக் கிட்டத்தட்ட கையைப் பிடித்து இழுத்தது. அதில் முன்கூட்டியே போட்டு வைத்திருந்த நேரம்: தினமும் அதிகாலை 3 மணி.

யாருடைய 3 மணி? ஆபீஸ் முடிந்து போகும்போது மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டு, பெட்டியை ஓடவிட்டுப் போகிறவர்களுடைய 3 மணி. கரன்ட் போகாத ஊரின் 3 மணி. நம் வீடுகளில் ராத்திரி பத்து மணிக்கு அப்பா ஒரு சுற்று வருவார். கேஸ் சிலிண்டர் வால்வு, கொல்லைக் கதவுத் தாழ்ப்பாள், டிவி ஸ்விட்ச், கம்ப்யூட்டர் ஸ்விட்ச். கம்ப்யூட்டரை உள்ளே அணைத்தால் போதாது, சுவரில் இருக்கும் ஸ்விட்சையும் தட்டினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். இடி மின்னல் காலமென்றால் பிளக்கையே உருவி மேஜைமேல் வைத்துவிடுவார். எக்ஸ்பி காலத்து 3 மணி இந்த வீட்டில் இருபது வருடம் வராமலே இருந்திருக்கிறது.

இதை நான் கதையாகச் சொல்லவில்லை. 2022 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட்டே ஒரு கணக்கு வெளியிட்டது. ஓர் அப்டேட் வெளியான பின் அது ஒழுங்காகப் போய்ச் சேர, கம்ப்யூட்டர் குறைந்தது இரண்டு மணி நேரம் தொடர்ச்சியாகவும், மொத்தத்தில் ஆறு மணி நேரமும் இணையத்தோடு விழித்திருக்க வேண்டும் என்றது அந்தக் கணக்கு. பின்னணியில் இறக்க ஒரு நேரம், நிறுவ ஒரு நேரம். பஸ் டிக்கெட் போட அரை மணி நேரம் திறந்து மூடுகிற வீட்டு லேப்டாப்புக்கு இந்த இரண்டு மணி நேரம் கிடைப்பதே இல்லை. அது ஒவ்வொரு முறையும் பாதி இறக்கி, பாதியில் தூங்கி, அடுத்த முறை விட்ட இடத்தைத் தேடுகிறது. "நம்ம லேப்டாப் எப்பப் பாத்தாலும் ஸ்லோ" என்று வீட்டில் அலுத்துக்கொள்கிறார்களே, அதில் ஒரு பங்கு இதுதான்.

59 நாள்

அப்படித் தள்ளிப்போனால்தான் என்ன? கடைக்கார அம்மா கேட்கவில்லை, ஆனால் அவர் முகம் கேட்டது.

2017 மார்ச் 14. விண்டோஸில் ஃபைல் பகிரும் பகுதியில் இருந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் வெளியானது. ஒரு மாதம் கழித்து ஏப்ரல் 14ல், அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ தனக்கென்று வைத்திருந்ததாகச் சொல்லப்படும் அந்த ஓட்டைக்கான சாவி, இணையத்தில் பகிரங்கமாகக் கொட்டப்பட்டது. மே 12, வெள்ளிக்கிழமை, வானாக்ரை கிளம்பியது. ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பிட்காயினில் கப்பம் கேட்கும் புழு. யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியதில்லை. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு அதுவே தாவும். சுமார் 150 நாடுகள், 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் 19,000க்கும் மேற்பட்ட அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தாகியிருக்கும் என்று பின்னால் மதிப்பிட்டார்கள். நமக்குப் பக்கத்தில் ஆந்திரக் காவல்துறையின் கம்ப்யூட்டர்கள் மாட்டின. கேரளத்தில் வயநாட்டிலும் பத்தனம்திட்டாவிலும் கிராமப் பஞ்சாயத்து அலுவலகங்களின் திரையில் கப்பக் கடிதம் வந்து நின்றது. உளவு நிறுவனத்தின் ஆயுதம் பஞ்சாயத்து ஆபீஸ் மேஜைவரை பாயும் புழுவாகக் கிளம்ப எடுத்துக்கொண்டது, மருந்து வெளியான நாளிலிருந்து 59 நாள்.

இது ஆபீஸ் சமாச்சாரம், வீட்டுக் கம்ப்யூட்டரில் திருட என்ன இருக்கிறது என்று நினைப்பவர்களுக்கு லாஸ்ட்பாஸ் கதை. ஊர் உலகத்தின் பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைத்துத் தருவதே அந்த நிறுவனத்தின் வேலை. 2022ல் அங்கே நடந்த பெரிய திருட்டு, ஒரு எஞ்சினீயரின் வீட்டுக் கம்ப்யூட்டர் வழியாக நடந்தது. முக்கியச் சாவிகளைத் தொடக்கூடிய நான்கே பேரில் அவர் ஒருவர். அவர் வீட்டில் சினிமா பார்க்க, பாட்டுக் கேட்க பிளெக்ஸ் என்ற மென்பொருளை வைத்திருந்தார். அதில் இருந்த ஓட்டைக்கு 2020 மே மாதமே திருத்தம் வந்தாகிவிட்டது. அவர் போடவில்லை. நடுவில் சுமார் 75 பதிப்புகள் வந்து போயிருந்தன. திருடன் அந்த வழியாக உள்ளே நுழைந்து, விசைப்பலகையில் அவர் அடிப்பதை உட்கார்ந்து படித்தான்.

ஆபீஸ் லேப்டாப்புக்கு ஆயிரம் காவல். அதே மனிதர் சாயங்காலம் படம் பார்க்கும் மெஷினுக்கு ஒன்றுமில்லை.

அவசரக் குடுக்கையின் கதைகள்

இதோடு நிறுத்தினால் நானும் வழக்கமான உபதேசி ஆகிவிடுவேன். வந்ததும் வராததுமாகப் போட்டுக்கொண்டவர்களுக்கு என்ன நடந்தது என்றும் சொல்ல வேண்டும்.

2018 அக்டோபர் 2ம் தேதி விண்டோஸ் 10ன் பெரிய அப்டேட் ஒன்று வந்தது. போட்டவர்களில் சிலருக்கு டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரே காலி. சில நாளிலேயே அதை நிறுத்திவைத்து, நவம்பர் நடுவில்தான் சரிசெய்து மீண்டும் விட்டார்கள். பாதிக்கப்பட்டதாகப் புகார் சொன்னவர்கள் பத்தாயிரத்தில் ஒருவர்தான் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. அந்த ஒருவரின் கல்யாண ஆல்பம் போனது போனதுதான்.

2024 ஜூலை 19 இன்னும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். இந்திய நேரம் காலை 9.39க்கு கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு சின்ன ஃபைலை அனுப்பியது. அதைப் படிக்கிற மென்பொருள் 20 கட்டங்கள் என்று எதிர்பார்த்தது, வந்ததில் 21. இல்லாத இடத்தை எட்டிப் படிக்கப் போய் விண்டோஸ் கவிழ்ந்தது. 78 நிமிடத்தில் ஃபைலைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில். நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். பல மெஷின்களின் முன்னால் ஒரு மனிதர் போய் உட்கார்ந்து, சேஃப் மோடில் திறந்து, அந்த ஒரு ஃபைலை அழிக்க வேண்டியிருந்தது.

இதில் என்னை உறுத்தியது வேறொன்று. அந்த வாடிக்கையாளர் நிறுவனங்களில் பல, "எங்களுக்குப் புதுப் பதிப்பு உடனே வேண்டாம், ஒரு படி பிந்தியதே போதும்" என்று எச்சரிக்கையாகக் குறித்து வைத்திருந்தவைதான். அந்தக் குறிப்பு மென்பொருளுக்கு மட்டும். அன்றாடம் வரும் இந்தத் தகவல் ஃபைல்களுக்கு இல்லை. நேரம் குறிக்கும் உரிமை தங்களிடம் இருப்பதாக நினைத்திருந்தார்கள். இல்லை. அந்த விபத்துக்குப் பிறகுதான் அந்த உரிமையை வாடிக்கையாளர்களிடம் கொடுத்தார்கள்.

விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளமான லினக்ஸ் பக்கம் அதே ஆண்டு மார்ச் 29ல் வேறொரு திகில். ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறு மென்பொருள் பேக்கேஜ், ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருப்பது. வருடக்கணக்கில் நல்ல பிள்ளையாக உதவி செய்து நம்பிக்கை பெற்ற, இன்றுவரை யாரென்று தெரியாத ஒருவர், பிப்ரவரி 24ல் வந்த அதன் 5.6.0 பதிப்பில் ஒரு கள்ளக் கதவை வைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற எஞ்சினீயர் தன் மெஷினில் லாகின் ஆவதற்கு அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று நோண்டிக்கொண்டே போய் அதைப் பிடித்தார். அரை விநாடி! நாமெல்லாம் அரை மணி நேரம் தாமதமானாலும் "நெட் ஸ்லோ" என்று டீ குடிக்கப் போகிறவர்கள். புதியது வந்த அன்றே போட்டுக்கொள்ளும் சோதனைப் பதிப்புகளில் அந்தக் கதவு ஏற்கெனவே நுழைந்திருந்தது. டெபியன் என்ற லினக்ஸின் நிலையான பதிப்பு வைத்திருந்தவர்கள் தப்பினார்கள். காரணம் சாமர்த்தியம் அல்ல, நிதானம்.

இரண்டு கடிகாரம்

ஆக, தள்ளிப்போட்டாலும் அடி, முந்திக்கொண்டாலும் அடி. இதற்கு விடையை டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ்கள் ரொம்ப நாளாகவே வைத்திருக்கின்றன. இந்தக் குடும்பம் நமக்கு அந்நியமல்ல. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா லேப்டாப்களில் விண்டோஸோடு கூடவே இருந்த பாஸ் லினக்ஸ், டெபியன் வழி வந்ததுதான்.

அங்கே வரும் பேக்கேஜ்கள் ஒரே கூடையில் வருவதில்லை. பாதுகாப்புத் திருத்தம் தனிக் கூடை, மற்ற மாற்றங்கள் வேறு கூடை. "அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்" என்றொரு ஏற்பாடு இருக்கிறது. பெயரைக் கேட்டால் ஆளில்லா லெவல் கிராசிங் ஞாபகம் வரும். கொஞ்சம் பயமாகவும் இருக்கும். ஆனால் உபுண்டுவில் அது முதலில் கை வைப்பது பாதுகாப்புக் கூடையில் மட்டும்தான். மற்றதை நீங்கள் உட்கார்ந்து பார்த்துப் போட்டுக்கொள்ளலாம். அந்த மற்றதிலும் உபுண்டு ஒரு காரியம் செய்கிறது: முதலில் கொஞ்சம் பேருக்கு மட்டும் அனுப்பி, புகார் வராவிட்டால் மெல்ல மெல்ல எல்லாருக்கும் விடுகிறது. மாவு சரியாக இருக்கிறதா என்று முதலில் ஒரே ஒரு தோசை வார்த்துப் பார்ப்பதுபோல.

நேரக் கணக்கு சுவாரசியமானது. இரண்டு டைமர்கள் வேலை செய்கின்றன. ஒன்று கடைக்குப் போய் என்னென்ன வந்திருக்கிறது என்று பட்டியல் எடுத்து, வேண்டியதை இறக்கி வைப்பது. காலை 6, மாலை 6 என்று குறித்து, அதற்குமேல் 12 மணி நேரம் வரை குத்துமதிப்பாகத் தள்ளிக்கொள்ளும். இன்னொன்று நிறுவுவது, காலை 6 மணி, அதற்குமேல் ஒரு மணி நேரம் வரை தள்ளிப்போகலாம். எதற்கு இந்தக் குத்துமதிப்பு? உலகத்து லினக்ஸ் எல்லாம் சரியாக 6 மணிக்கே ஒரே சர்வர் வாசலில் போய் நின்றால் என்ன ஆகும் என்று, பொங்கல் பரிசு வாங்க ரேஷன் கடையில் நின்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டோக்கன் போட்டுப் பிரித்து அனுப்புகிறார்கள்.

லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸின் க்ரான் என்ற நேரக்காவலன் கறாரானவன். குறித்த நிமிடத்தில் மெஷின் அணைந்திருந்தால், அந்த வேலை போயே போச்சு, நாளைக்குத்தான். இந்தப் புதிய டைமர்கள் அப்படியல்ல. தவறவிட்டதை நினைவில் வைத்திருந்து, மெஷின் கண் விழித்த சற்று நேரத்தில் ஆரம்பித்துவிடும். நல்ல குணம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள்: காலை 6 மணிக்கு என் லேப்டாப் தூக்கத்தில். எட்டரைக்கு அரக்கப்பரக்கத் திறக்கிறேன். எனக்கு அவசரம் வரும் அதே நேரத்தில் அதற்கும் கடமை உணர்ச்சி வருகிறது.

அப்படித்தான் ஒருநாள் மாட்டினேன். கட்டுரை அனுப்ப வேண்டிய காலை. ஒரு தமிழ் எழுத்துரு தேவைப்பட்டது. நிறுவச் சொன்னால், "பூட்டு வேறொருவரிடம் இருக்கிறது" என்ற பொருளில் ஒரு பிழை. பேக்கேஜ் நிறுவும் அறைக்குள் ஒரு நேரத்தில் ஒருவர்தான் போக முடியும். உள்ளே அன்அட்டெண்டட் ஐயா இருக்கிறார். பத்து நிமிடம் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் அவரே வெளியே வந்திருப்பார். நான் யாரோ எப்போதோ சொன்னதைக் கேட்டு, பூட்டு ஃபைலை அழித்துவிட்டு உள்ளே புகுந்தேன். இரண்டு பேரும் ஒரே கணக்குப் புத்தகத்தில் எழுதினோம். பாதி நிறுவியது, பாதி நிறுவாதது என்று அரை டஜன் பேக்கேஜ்கள் அந்தரத்தில் தொங்கின. சரிசெய்ய முற்பகல் போயிற்று. கட்டுரையைப் பக்கத்து வீட்டுப் பையனின் கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பினேன்.

மறுநாள் டைமரை மாற்றினேன். எந்த நேரம்? லேப்டாப் திறந்திருக்க வேண்டும், சார்ஜரில் இருக்க வேண்டும், நான் அதன் முன்னால் இருக்கக் கூடாது. என் நாளில் அப்படி ஒரு நேரம்தான் உண்டு: மத்தியானச் சாப்பாடு. குத்துமதிப்புத் தள்ளலை நீக்கிவிட்டு, பட்டியலுக்கு 12.30, நிறுவ 1.15. இந்த வரிசை முக்கியம். நிறுவும் நேரத்தை முன்னால் வைத்துப் பட்டியல் நேரத்தைப் பின்னால் வைத்தால், தினமும் நேற்றைய சரக்கைத்தான் நிறுவிக்கொண்டிருப்பீர்கள்.

மாற்றியும் காலையில் அது ஓடியது. இரண்டு நாள் மண்டையைக் குடைந்த பிறகு புரிந்தது. டைமர் ஃபைலில் புது நேரத்தை எழுதினால் பழையது போய்விடாது, இரண்டுமே செல்லும். முதலில் நேரமே எழுதாமல் ஒரு வெறும் வரி போட்டுப் பழையதை அழித்துவிட்டு, அதன் கீழே புதியதை எழுத வேண்டும். பழைய குடித்தனக்காரரைக் காலி செய்யாமல் புதியவரிடம் அட்வான்ஸ் வாங்கியது போலாகியிருந்தது என் நிலைமை.

இன்னொன்றும் உண்டு. இயங்குதளத்தின் மையக்கருவான கர்னலுக்குத் திருத்தம் வந்தால், நிறுவினால் மட்டும் போதாது. ரீஸ்டார்ட் ஆகும்வரை ஓடிக்கொண்டிருப்பது பழையதுதான். இந்த லினக்ஸ்கள் தாமாக ரீஸ்டார்ட் செய்வதில்லை. "ரீஸ்டார்ட் தேவை" என்று ஓர் ஓரத்தில் குறித்துவைத்துவிட்டுச் சும்மா இருக்கும். லேப்டாப்பை மூடி மூடித் திறக்கிறவர்கள் மாதக்கணக்கில் ரீஸ்டார்ட்டே செய்வதில்லை. திருத்தம் வந்து வாசலில் நிற்கிறது, வீட்டுக்குள் பழைய ஆள். நான் ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலோடு இதையும் சேர்த்துவிட்டேன்.

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு

விண்டோஸில் நேரக் கட்டுப்பாடு தலைகீழாக இருக்கிறது. எப்போது செய் என்று சொல்வதைவிட, எப்போது செய்யாதே என்று சொல்வதுதான் பிரதானம். 2016ல் வந்த "ஆக்டிவ் ஹவர்ஸ்" அதற்குத்தான்: அந்த நேரத்துக்குள் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. நிறையப் பேர் இதைத் தவறாகப் புரிந்துகொண்டு, 18 மணி நேரம் வரை நீட்டலாம் என்பதால் காலை 6 முதல் நள்ளிரவு வரை என்று முழுசாகப் போட்டுவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் ஆறு மணி நேரமும் சுவர் ஸ்விட்ச் ஆஃப். கம்ப்யூட்டருக்கு ரீஸ்டார்ட் செய்ய ஒரு நிமிடம்கூடக் கிடையாது. கெடு முற்றியதும் அது பொறுமை இழக்கும்.

செய்ய வேண்டியது, ஆக்டிவ் ஹவர்ஸைச் சுருக்குவது. காலை 8 முதல் இரவு 8 வரை வேலை என்றால் அவ்வளவுதான் போடுங்கள். எட்டிலிருந்து பத்து மணி வரை அதைத் தனியே விழித்திருக்க விடுங்கள். அந்த இரண்டு மணி நேரம்தான் மேலே சொன்ன கணக்கில் வருகிற இரண்டு மணி நேரம். அப்பாவின் ராத்திரி ரவுண்டு அதற்கப்புறம். அப்டேட் காத்திருக்கிறது என்று தெரிந்தால், ரீஸ்டார்ட்டுக்கு நாளும் மணியும் நாமே குறித்துக் கொடுக்கவும் அதில் வழி இருக்கிறது. "புதிய அப்டேட்கள் வந்ததும் முதலில் எனக்கு" என்கிற பொத்தானை ஆஃபிலேயே வைத்திருங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் அது இல்லாமலே வரும். ஊருக்குப் போகிறீர்கள், வீட்டில் கல்யாணம், பிள்ளைக்கு ஆன்லைன் பரீட்சை என்றால் அப்டேட்டைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் பொத்தான் இருக்கிறது. வாரக் கணக்கில், ஐந்து வாரம் வரை. கல்யாணம் முடிந்ததும் எடுத்துவிடுங்கள்.

"அப்டேட் செய்து ஷட்டவுன்" என்று கொடுத்துவிட்டுப் படுத்தால் காலையில் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிறதே என்று புலம்பியவர்கள் உண்டு. அது பிரமையல்ல, மென்பொருளிலேயே இருந்த பிழை. பல வருடம் இருந்து, 2025 அக்டோபர் கடைசியில்தான் அதற்குத் திருத்தம் வெளியிட்டார்கள். அப்டேட்டில் இருந்த பிழையைத் திருத்தவும் ஓர் அப்டேட்.

மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறவர்கள் அந்த இணைப்பை "மீட்டர்டு" என்று குறித்துவிடுவது நல்லது. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி பேக்கில் ஒரு மாதத்து அப்டேட் உட்கார்ந்தால், அன்றைக்கு வாட்ஸ்அப் படம்கூடத் திறக்காது. பெரியதை மட்டும் வாரம் ஒருமுறை வைஃபை இருக்கும் இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

மின்சாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரன்டை நிறுத்தும் நாளைப் பேப்பரில் முன்னாலேயே போடுகிறது. அன்று நாம் விடிவதற்குள் மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றி, மாவு ஆட்டி வைத்துவிடுகிறோம். யாரும் மின்வாரியத்தைத் திட்டுவதில்லை, சொல்லாமல் போகும் கரன்டைத்தான் திட்டுகிறோம். வீட்டுக் கம்ப்யூட்டரின் பராமரிப்பு நேரத்தையும் காலண்டரில் குறித்து வைக்கிற ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். பால் கணக்குக்குப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பராமரிப்பு மின்தடை நாளில் மட்டும் கம்ப்யூட்டர் அப்டேட்டைத் தொடாதீர்கள். நடுவில் கரன்ட் போனால் இப்போதைய மென்பொருள்கள் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிக்கொள்ளும். அந்த "பெரும்பாலும்" என்ற சொல்லை நம்பி நான் என் மெஷினைப் பணயம் வைக்க மாட்டேன். டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ், லேப்டாப்புக்கு சார்ஜர்.

அந்தக் கடையில் அன்று 34 ஒருவழியாக 35 ஆகி, பதினொன்று இருபதுக்கு முழுசாக முடிந்தது. உதவித்தொகை விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. அந்தப் பெண் பிள்ளை காலை வகுப்புகளைத்தான் தவறவிட்டாள். அடுத்த வாரம் போனபோது கூட்டமில்லை. "கடையில எப்ப ஆள் வராதும்மா?" என்று கேட்டேன். "ஒன்றரையிலேர்ந்து ரெண்டேகால். தாலுகா ஆபீஸ்ல சாப்பிடப் போயிருவாங்க. நானும் ஷட்டரைப் பாதி இறக்கிட்டுச் சாப்பிடுவேன்." அந்த நேரத்தையே ரீஸ்டார்ட்டுக்குக் குறித்தோம். இறக்கி வைக்கிற வேலையைக் கூட்டத்துக்கு நடுவிலேயே அது பின்னணியில் செய்துகொள்ளும். அவர் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது அதுவும் தன் வேலையைப் பார்க்கட்டும்.

கிளம்பும்போது மூலையில் இருந்த இன்னொரு கம்ப்யூட்டரைக் காட்டினார். சாம்பல் நிறமாகிப்போன பழைய பெட்டி. அதில்தான் தமிழ் டைப்பிங். யுனிகோட் வருவதற்கு முந்தைய எழுத்துருவில் பதினைந்து வருடப் பத்திரங்கள், கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் கிடக்கின்றன. அந்த மென்பொருள் வேறெந்த மெஷினிலும் ஓடாதாம். "இதுக்கும் ஒரு டைம் போட்டுக் குடுங்க சார்."

அதற்கு அப்டேட் வருவது நின்று பல வருடம் ஆகிறது. "இதுக்கு டைம் வேண்டாம்மா. நெட் ஒயரை மட்டும் கழட்டிடுங்க. பென் டிரைவ்ல எடுத்து இந்தப் புது மெஷின்லேர்ந்து அனுப்புங்க, எடுக்கறப்பல்லாம் ஸ்கேன் பண்ணிட்டு."

குனிந்து மேஜைக்கடியில் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அதை எலி எப்பவோ கடிச்சிருச்சு சார்."